பதினெட்டு முட்டை

ஹெனியா தன் மகனை விற்றபோது அவனுக்குப் பதினொரு மாதம். விலை, பதினெட்டு முட்டை.

வாங்கியவள் எதிர்வீட்டு ஃப்ரூமா. ஸப்ரோட்கா ஊரில் அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. ஹெனியாவுக்கு ஏற்கெனவே மூன்று குழந்தைகள் பிறந்து மூன்றும் தொட்டிலைத் தாண்டவில்லை. நாலாவது கெட்ஸலுக்குத் தொண்டை அடைத்து மூச்சு விசிலடிக்க ஆரம்பித்ததும், மரணதூதனுக்கு இந்த வீட்டு விலாசம் மனப்பாடமாகிவிட்டது என்று ஊர் முடிவு கட்டியது. அதற்குச் செய்ய வேண்டியதும் ஊருக்குத் தெரியும். பிள்ளைகள் தங்குகிற வீட்டுக்காரியிடம் குழந்தையை விற்றுவிட வேண்டும். வாசல் வழியாக அல்ல, ஜன்னல் வழியாக. வாசலில்தான் தூதன் நிற்பான்.

ஃப்ரூமாவுக்கு ஏழு பிள்ளைகள். ஏழும் குத்துக்கல் மாதிரி இருந்தன. யூதர்களின் கணக்கில் பதினெட்டு உயிரின் எண், ஆகவே பதினெட்டு முட்டை. ஃப்ரூமா அவற்றை மடியில் கட்டித் தெருவைக் கடந்து வந்தாள். வழியில் இரண்டு உடைந்துவிட்டன.

கையோடு பெயரையும் மாற்றினார்கள். ஆல்ட்டர், அதாவது கிழவன். குழந்தையைத் தேடி வருகிற தூதன் கிழவனைப் பார்த்துவிட்டு, தப்பான வீடு என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுவான். போய்விட்டான் போலத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் கிழவன் எழுந்து உட்கார்ந்து ஃப்ரூமாவின் பூனையை வாலில் கடித்தான்.

ஹெனியாவின் கணவன் அதற்கு ஆறு மாதம் முன்பே டைபாய்டில் போயிருந்தான். கணவன்மார்களை விற்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

நிபந்தனைகள் இரண்டுதான். பையனுக்குக் கல்யாணம் ஆகிற அன்று அதே பதினெட்டு முட்டையைத் திருப்பிக் கொடுத்து ஹெனியா அவனை மீட்டுக்கொள்ள வேண்டும். அதுவரை அவனை மகனே என்றோ, கெட்ஸல் என்றோ வாய்விட்டுக் கூப்பிடக் கூடாது. ஹெனியா இரண்டையும் எழுத்துப் பிசகாமல் காத்தாள். உடைந்த இரண்டு முட்டையால் வியாபாரம் செல்லுமா செல்லாதா என்பது மட்டும் அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. யூத குருவான ரபியிடம் கேட்டிருக்கலாம். செல்லாது என்று சொல்லிவிட்டால்? அதனால் கேட்கவில்லை.

அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியபோதும் அவன் ஃப்ரூமாவின் எட்டாவது பிள்ளையாக, ஆல்ட்டர் கல்மன்சன் என்ற பெயரில்தான் வந்தான். கடல்தான் தூதனுக்கு வசதியான இடம், அங்கே போய் அகப்பட்டுக்கொள்ள ஹெனியா தயாராக இல்லை. ஹெனியா ருட்னிக், விதவை, பிள்ளைகள் இல்லை என்று அதே கப்பலின் ஏட்டில் நாலு பக்கம் தள்ளி இருந்தாள். நியூயார்க்கில் லட்லோ தெருக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் கல்மன்சன் குடும்பம், மூன்றாவது மாடியில் ஹெனியா. ஆல்ட்டர் தின்றதும் தூங்கியதும் மூன்றாவது மாடியில். கணக்கெடுப்புக்காரன் வந்து இவன் யார் என்று கேட்டபோது, "இடம் பத்தாதுன்னு இங்க படுத்துக்கறான், மேல் வீட்டுப் பையன்" என்றாள் ஹெனியா. ஆல்ட்டர் அவளை அத்தை என்று கூப்பிட்டான். தொப்பித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து முதல் கூலியில் அவளுக்கு ஒரு தொப்பி கொண்டுவந்தான். ஆண்கள் தொப்பி. அங்கே அதைத்தான் செய்தார்கள்.

1918 வசந்தத்தில் ராணுவம் அவனைக் கூப்பிட்டது. வயது இருபத்தொன்று.

"அத்தை, ஃபாரம் குடுத்திருக்காங்க" என்றான். "செத்துகித்துப் போனா யாருக்குச் சொல்லணும்னு கேட்டிருக்கு. உன் பேரை எழுதட்டுமா?"

ஹெனியா தைத்துக்கொண்டிருந்த கோட்டைக் கீழே போட்டாள். "வாயைக் கழுவு முதல்ல. ஃப்ரூமா பேரை எழுது. என் பேரு அந்தக் காகிதம் இருக்கிற திசைக்கே போகக் கூடாது. அதை யாரு யாரு எடுத்துப் படிப்பாங்களோ."

"படிக்கப்போறது ஒரு சார்ஜன்ட். அவனுக்கே எழுத்துக் கூட்டித்தான் வரும்."

"வேற ஒருத்தனும் படிப்பான். எழுதுடா."

எழுதினான். தாயார்: ஃப்ரூமா கல்மன்சன். எழுதிவிட்டுப் பேனாவை நக்கினான்.

"ஜெர்மன் ராஜா இருபது முட்டை தரேன்னு சொன்னா ஃப்ரூமாம்மா என்னை வித்துடுவாங்களா?"

"உன்னைச் சும்மா குடுத்தாலும் அவன் திருப்பி அனுப்பிடுவான். இந்தக் காலுறையை உள்ள வை."

"முட்டை விலை ஏறிக்கிட்டே போகுது அத்தை. நான் வந்து கல்யாணம் பண்ணிக்கறதுக்குள்ள என்னை மீட்க முடியாமப் போயிடும் உனக்கு."

"முதல்ல உன்னைக் கட்டிக்க ஒருத்தி சம்மதிக்கட்டும்."

வாசற்படியில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். "ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடேன். யாருமில்லை இங்க."

ஹெனியா மாடிப்படியை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லைதான். ஆனால் தூதன் அப்படித்தான் நிற்பான், யாரும் இல்லாத மாதிரி.

"போடா, யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். "நேரமாச்சு."

அவன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

நவம்பர் பதினோராம் தேதி போர் முடிந்தது. பதினாலாம் தேதி, தெருவில் கொண்டாட்டக் காகிதத் துண்டுகளை இன்னும் யாரும் கூட்டாத நிலையில், தந்திக்காரன் வந்தான். மூன்றாவது மாடியில் அவன் காலடி நிற்காமல் தாண்டிப் போனதை ஹெனியா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். நாலு. ஐந்து. அப்புறம் மேலே ஃப்ரூமாவின் அலறல்.

ஃப்ரூமாவின் கடைசி மகன் வெல்வலும் ராணுவத்தில் இருந்தான். ஐயோ வெல்வல் என்று ஹெனியா நினைத்தாள். உண்மையாகவே அவளுக்குத் துக்கமாக இருந்தது. அந்தத் துக்கத்துக்கு அடியில் சின்னதாக வேறு ஒன்றும் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி, அடுப்பிலிருந்த பார்லி சூப்பை ஒரு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு மாடி ஏறினாள்.

நாலாவது மாடித் திருப்பத்தில் ஃப்ரூமா இறங்கி வந்துகொண்டிருந்தாள். கையில் தந்தி.

"இது வெல்வல் இல்லைடி" என்றாள் ஃப்ரூமா.

ஹெனியா பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை. "என்ன பேரு போட்டிருக்கு?"

"ஹெனியா..."

"பேரு என்ன போட்டிருக்கு, படி."

ஃப்ரூமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பின்னால் வந்த அவள் மகள் பாஷா படித்தாள். ஆல்ட்டர் கல்மன்சன். அக்டோபர் இருபது. பிரான்ஸில் பட்ட காயத்தால்.

"இன்னொரு தடவை."

பாஷா மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதே பெயர்தான் வந்தது.

"யாரோட பிள்ளைன்னு சொல்லுது?"

"எனக்குத்தான் அனுப்பியிருக்காங்க" என்றாள் ஃப்ரூமா. "என்னோட பிள்ளைன்னுதான்..."

"அப்போ உன் பிள்ளைதான்" என்றாள் ஹெனியா. "பாவம். இந்தா, சூப்பைக் குடி. ஆறிடப் போகுது."

அன்று அவள் கணக்குப் போட்டு முடித்த விதம் இதுதான். தூதன் வந்திருக்கிறான். காகிதத்தைப் படித்திருக்கிறான். காகிதத்தில் இருந்த கல்மன்சனைக் கொண்டுபோயிருக்கிறான். அதற்காகத்தானே இருபது வருஷமாக இந்தப் பாடு? கெட்ஸல் ருட்னிக் பெயர் எங்கேயும் இல்லை. ஆகவே கெட்ஸல் ருட்னிக் எங்கேயோ இருக்கிறான். இதில் ஓட்டை இருப்பதாகத் தெருவில் பலர் நினைத்தார்கள். ஆனால் அவர்களும் இதே தந்திரத்தைத் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்தவர்கள், ஓட்டை எங்கே என்று விரலை வைத்துக் காட்ட ஒருவராலும் முடியவில்லை.

ரபி வந்தார். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. அவன் போய் இருபத்தஞ்சு நாள் ஆகுது. முப்பது நாளைக்குள்ள சேதி வந்தா ஏழு நாள் துக்கம் காக்கணும். முப்பதைத் தாண்டிட்டா ஒரே ஒரு மணி நேரம்தான், அதுக்கு மேல கிடையாது. உனக்கு முழுசா ஏழு நாள் கிடைச்சிருக்கு. கீழ உட்காரு, அழு."

"கல்மன்சன் பையனுக்கு நான் எதுக்கு உட்காரணும், ரபி? எனக்கு அவன் என்ன உறவு?"

"ஹெனியா, அந்த விற்பனை ஒரு சம்பிரதாயம்..."

"அப்போ செல்லாதா?" அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "செல்லாதுன்னு சொல்றீங்களா? சொல்லுங்க. எழுந்து தெருவுல போய்ச் சொல்லுங்க. இந்தத் தெருவுல வித்த பிள்ளைங்க பதினோரு பேர் இருக்காங்க."

ரபி எழுந்து ஐந்தாவது மாடிக்குப் போனார்.

அங்கே ஃப்ரூமா உட்கார்ந்தாள். பெறாத பிள்ளைக்கு அவள் துக்கம் காக்க வேண்டிய கட்டாயம் எதுவும் சட்டத்தில் இல்லை. யாராவது உட்கார வேண்டுமே என்று ஏழு நாளும் தரையில் உட்கார்ந்தாள். அவள் கணவன் இட்சே, ஊறுகாய்ப் பீப்பாய் வண்டி தள்ளுகிறவன், காலையும் மாலையும் ஜெபாலயத்துக்குப் போய் இறந்தவருக்குச் சொல்லும் காதிஷைச் சொன்னான். ஃப்ரூமாவின் ஜன்னலில், போரில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அடையாளமாக, தங்க நட்சத்திரம் தைத்த கொடி தொங்கியது. தொகுதித் தலைவர் வந்து ஃப்ரூமாவின் கையைக் குலுக்கி, உங்களைப் போன்ற தாய்மார்களால்தான் இந்த நாடு என்றார். ஃப்ரூமா மூன்றாவது மாடி இருக்கும் பக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டே கை கொடுத்தாள்.

ஹெனியா அன்றாடம் இத்திஷ் மொழிச் செய்தித்தாளில் வரும் இறந்தவர் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். ருட்னிக் இல்லை. கோட்டுக்குக் காஜா எடுக்க உட்காருவாள். மறுநாளும் ருட்னிக் இல்லை. திரும்பி வந்தவர்கள் பட்டியலிலும் ருட்னிக் இல்லைதான். அதை அவள் அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை.

அடுத்த வருஷம் வாஷிங்டனிலிருந்து ஃப்ரூமாவுக்கு ஓர் அட்டை வந்தது. உங்கள் மகனின் உடலை அரசாங்கச் செலவில் நாட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே இருக்கட்டுமா? ஏதாவது ஒன்றில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

ஃப்ரூமா அட்டையோடு இறங்கி வந்தாள். "நீதான் சொல்லணும்."

"உனக்கு வந்த தபால். என்னை எதுக்குக் கேக்கறே?"

"விளையாடாதடி. ப்ரூக்ளின்ல நம்ம ஊர்ச் சங்கத்துக்குக் கல்லறை நிலம் இருக்கு. வேலியோரமா ஒரு மரம்கூட இல்ல, ஒண்ணும் இல்ல, ஆனா டிராம்ல போயிட்டு வந்துடலாம். நினைச்சப்போ நம்ம வழக்கப்படி கல்லறை மேல ஒரு கல்லு வெச்சுட்டு வரலாம். யோசி."

ஹெனியா ஊசியில் நூலைக் கோத்தாள். அவனைக் கொண்டுவந்தால் பெட்டி மூன்றாவது மாடியைத் தாண்டித்தான் ஐந்தாவது மாடிக்குப் போக வேண்டும். அவள் கதவைத் திறந்து பார்க்கும்படி ஆகும். பார்த்தால் தெரிந்துவிடும்.

"ஊரார் வீட்டுப் பிணத்தை எதுக்குக் கடல் தாண்டிக் கூட்டிட்டு வரணும்?" என்றாள். "இருக்கிற இடத்துல இருக்கட்டும்."

"ஹெனியா."

"எழுதிடு. இருக்கட்டும்னு எழுது."

பாஷா குறியிட்டாள். ஃப்ரூமா, தாயார் என்ற இடத்துக்கு நேரே, தனக்குத் தெரிந்த எழுத்தில் கையெழுத்துப் போட்டாள்.

1922 ஏப்ரலில் ஒரு மத்தியானம் ஹெனியாவின் கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள். சாதாரண இருமல் இல்லை, ஒருவன் தன்னையே வெளியே கொட்டிக்கொள்கிற மாதிரி. திறந்தாள். இளைஞன்தான், ஆனால் கைப்பிடிக் கம்பியைக் கிழவன் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணி கிடைக்குமாம்மா? அஞ்சாவது மாடி போகணும். என் நுரையீரல் மூணாவது மாடியோட இறங்கிக்கிட்டது."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். தன் பெயர் யூடல் ஸ்க்ளார் என்றான். பிரான்ஸில் விஷவாயுவைச் சுவாசித்ததில் மூன்றரை வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து போன வாரம்தான் வெளியே விட்டார்களாம்.

"ஒண்ணு கேக்கணும்மா. இந்தக் கட்டடத்துல ஹெனியான்னு யாராவது இருக்காங்களா? ஆல்ட்டரோட அம்மா."

"அப்படி யாரும் இங்க இல்லை" என்றாள் ஹெனியா.

இருபத்துநாலு வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் நன்றி சொல்லி, கம்பியைப் பிடித்து ஏறிப் போனான். அவள் கதவைச் சாத்தி அதன் மேல் முதுகை வைத்து நின்றாள்.

கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ஃப்ரூமா அவனைக் கையைப் பிடித்து இறக்கிக் கொண்டுவந்திருந்தாள். "இவதான் தம்பி ஹெனியா" என்றாள். "சொல்லு."

யூடல் ஹெனியாவைப் பார்த்தான். எதற்கு இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"ஆர்கோன் காட்டுலம்மா. அவனுக்கு வயித்துல. என்னால நடக்க முடியல, அவனால முடியவே முடியல. டாக்டர் வரக் காத்துக்கிட்டிருந்தோம். நான் சொன்னேன், டேய், உனக்காக நோயாளிப் பிரார்த்தனை சொல்றேன், அம்மா பேரைச் சொல்லு. அம்மா பேரில்லாம அதைச் சொல்ல முடியாதே. ஃப்ரூமான்னான். ஆல்ட்டர், ஃப்ரூமா மகன்னு சொன்னேன். முழுசா சொன்னேன்."

"சரி" என்றாள் ஹெனியா.

"கொஞ்ச நேரம் கழிச்சு என் சட்டையைப் பிடிச்சு இழுத்தான். யூடல், தப்பான விலாசம் குடுத்துட்டேன், அது போய்ச் சேராதுன்னான். சரியாச் சொல்றேன் கேட்டுக்கோ. கெட்ஸல், ஹெனியா மகன்."

தெருவில் ஒருவன் பழைய துணிக்குக் கூவிக்கொண்டு போனான்.

"சத்தமாவா சொன்னான்?"

"இல்லைம்மா, மெதுவாத்தான். குரல் ஏது அவனுக்கு."

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"ஒரு கோவேறு கழுதை இருந்தது. அது அன்னிக்கே செத்துப்போச்சு."

"மெதுவா சொன்னாலும் கேட்டிருக்கும், வாசல்ல நிக்கறவனுக்கு" என்றாள் ஹெனியா, தனக்குள். பிறகு, "அதுக்கப்புறம் எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும். இல்ல, அதுகூட இருக்காது." யூடல் தொப்பியை மடியில் திருப்பிக்கொண்டே இருந்தான். "நான் கேட்டிருக்கக் கூடாதோம்மா? நல்லதுக்குன்னுதான் கேட்டேன்."

ஹெனியா எழுந்து அவனுக்கு இன்னொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. காகிதத்தில் எழுதாததைக் காதில் சொல்லிவிட்டான் பையன். அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னான், அவள் கூப்பிடவில்லை. அவனே கூப்பிட்டுக்கொண்டான்.

மறுநாளே பாஷாவை உட்காரவைத்து வாஷிங்டனுக்கு எழுதச் சொன்னாள். உடல் வேண்டும். பாஷா ஃப்ரூமாவின் பெயரில் எழுதினாள், வேறு பெயரில் எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது. ஆறு வாரத்தில் மரியாதையான பதில் வந்தது. தாங்கள் 1919இல் கையெழுத்திட்ட முடிவின்படி தங்கள் மகன் நிரந்தரக் கல்லறைக்கு மாற்றப்பட்டுவிட்டார். உடல்களைக் கொண்டுவரும் பணி முடிவடைந்தது. கூடவே கல்லறையின் புகைப்படம். வெள்ளைப் பலகை வரிசையில் ஒரு பலகை, ஆல்ட்டர் கல்மன்சன் என்று எழுதியிருந்தது.

"உண்மையைச் சொல்லி எழுதலாமா?" என்றாள் பாஷா. "பெத்தவங்க நீங்கதான்னு."

"எந்தக் காகிதத்தைக் காட்டி?" என்றாள் ஹெனியா. "நான்தான் ஒண்ணுவிடாம எல்லாத்துலயும் என்னை எடுத்துட்டேனே."

ரபியிடம் போனாள். அவருக்கு இப்போது காது மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு மணி நேரம்" என்றார் ரபி. "முப்பது நாள் என்னிக்கோ போயாச்சு. துக்கத்துக்குன்னு துணியைக் கிழிக்கக் கூடாது. செருப்பைக் கழட்டிட்டு ஒரு மணி நேரம் கீழ உட்காரு. அதுக்கு மேல சட்டத்துல இடமில்லைம்மா."

"அன்னிக்கு ஏழு நாள் குடுத்தீங்க."

"குடுத்தேன்" என்றார் ரபி. வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஆனால் பிள்ளையை மீட்காமல் பிள்ளைக்காக எப்படி உட்காருவது? ஹெனியா ஹெஸ்டர் தெருவுக்குப் போய்ப் பதினெட்டு முட்டை வாங்கினாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். முட்டைக்காரி, "என்னம்மா, கல்யாணமா வீட்டுல?" என்று கேட்டாள். கூடையில் வைக்கோல் போட்டு, முட்டைகளை அடுக்கி, மேலேயும் வைக்கோல் போட்டு, ஐந்து மாடியையும் ஒவ்வொரு படியாக ஏறினாள்.

ஃப்ரூமா கூடையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு தலையில் கைவைத்தாள். "எடுத்துட்டுப் போடி. என்ன இது. அவன் எப்பவும் உன் பிள்ளைதான். உலகத்துக்கே தெரியும்."

"வியாபாரம்னா வியாபாரம். எண்ணிக்கோ."

"நான் எண்ண மாட்டேன்."

"எண்ணுடி."

ஃப்ரூமா அழுதுகொண்டே மேசை மேல் எண்ணினாள். பதினெட்டு. ஒன்றுகூட உடையவில்லை. ஹெனியா அதை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

"ஜன்னலைத் திற" என்றாள்.

ஐந்தாவது மாடி ஜன்னல், தீப்பிடித்தால் இறங்குவதற்கான இரும்பு ஏணியைப் பார்த்து இருந்தது. அதன் வழியாகக் கொடுக்க ஃப்ரூமாவிடம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டு, அலமாரியில் இருந்த கல்லறைப் புகைப்படத்தை எடுத்தாள். ஹெனியா மாடிப்படிப் பக்கத்து ஜன்னல் வழியாக ஏணிக்கு இறங்கி நின்று கையை நீட்டினாள். ஃப்ரூமா உள்ளேயிருந்து கொடுத்தாள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஏணியில் நின்று படத்தை வாங்குவதைக் கீழே இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள்.

ஹெனியா படத்தை மார்போடு வைத்துக்கொண்டாள்.

"கெட்ஸல்" என்றாள்.

கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு மாடி இறங்கி வந்து, செருப்பைக் கழற்றி, இட்சேயிடம் இரவல் வாங்கிய அலாரம் கடிகாரத்தை ஒரு மணி நேரத்துக்குத் திருகிவைத்து, தரையில் உட்கார்ந்தாள்.

கால் மணி ஆனதும் ஃப்ரூமா வந்தாள். தட்டில் இரண்டு அவித்த முட்டை. துக்கம் காக்கிறவளுக்கு முதல் சாப்பாட்டை அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவர வேண்டும், அது முட்டையாக இருக்க வேண்டும்.

"ஒரு மணி நேரத் துக்கத்துக்கு இதெல்லாம் கிடையாதே" என்றாள் ஹெனியா. "ரபியைக் கேட்டியா?"

"கேக்கல" என்றாள் ஃப்ரூமா. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

ஹெனியா ஒரு முட்டையை எடுத்து உரித்தாள். ரொம்ப மெதுவாக, ஓடு சின்னச் சின்னத் துண்டாக வந்தது. உப்பில்லாமல் தின்றாள். கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது, பிறகு அலறியது. சட்டப்படி துக்கம் முடிந்துவிட்டது.

ஃப்ரூமா கையை நீட்டி அதன் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஹெனியா எழுந்திருக்கவில்லை. இரண்டாவது முட்டையைக் கையில் எடுத்து, அதில் விரிசல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.